கவுண்ட் ஏறிய பிறகு

ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டு சாமான் கொண்டுவருவார்கள். ஒன்று பழம். மற்றது, "இனி என்ன, எல்லாம் முடிஞ்சுதானே" என்ற வசனம். பழம் தடித்த தோலுள்ளது என்றால் கழுவிச் சீவிக் கொடுக்கலாம், இல்லையென்றால் வந்தவர் போனதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். அந்த வசனத்தை என்ன செய்வதென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அக்கா கேட்டுச் சிரிப்பா. அத்தான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார்.

நாங்கள் திருகோணமலை, உவர்மலைப் பக்கம். அக்காவுக்கு வந்தது வேகமாக முற்றும் வகை இரத்தப் புற்றுநோய். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோ கொடுத்து நோய் அடங்கியது. ஆனால் திரும்பி வரக்கூடிய ரகம் என்பதால் மாற்றுச் சிகிச்சை செய்வதுதான் நல்லது என்றார்கள். கூடப் பிறந்தவர் ஒருவரின் செல் முழுதாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. எங்கள் வீட்டில் அது எனக்கு விழுந்தது. மொழி, பழக்கம், தங்குமிடம் எல்லாவற்றையும் யோசித்துத் தமிழ்நாட்டுக்குப் போனோம். வேலூர் சிஎம்சியில் 1986-இலேயே எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை தொடங்கிவிட்டது என்பதால், இலங்கைத் தமிழர் இந்த நோய்க்குக் கடல் தாண்டுவது புதிதல்ல. எங்கள் வைத்தியசாலையின் பெயரை எழுதப்போவதில்லை. மருத்துவக் கதையும் இங்கே குறைவாகத்தான் வரும். மனசுக்கு என்ன நடந்தது, அதற்கு என்ன சிகிச்சை நடந்தது என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்தப் பகுதியைப் பற்றித் தமிழில் தேடினால் கிடைப்பதெல்லாம் "நம்பிக்கையோடு இருங்கள்" ரகம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதலில் கடும் கீமோவால் (சிலருக்குக் கதிர்வீச்சும் சேர்த்து) நோயாளியின் எலும்புக்குள் இரத்தம் உருவாகிற மச்சையை முழுக்க அழிக்கிறார்கள். பிறகு கொடையாளியின் ஸ்டெம் செல்லை, அதாவது புது இரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்லை, இரத்தம் ஏற்றுவதுபோல ஏற்றுகிறார்கள். அந்த நாளுக்குப் பூச்சியம் என்று கணக்கு. அது ஒரு பையும் ஒரு குழாயும்தான். சத்திரசிகிச்சை எதுவும் இல்லை. ஊரில் விரதம் இருந்து காத்திருந்த அம்மாவுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. "இவ்வளவுதானா?" என்று போனில் கேட்டா. கஷ்டம் அதற்குப் பிறகு. புது செல் பிடித்து வெள்ளையணு ஏறும் வரை, வழக்கமாக இரண்டிலிருந்து நாலு கிழமை, உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்றுமே இல்லை. வடிகட்டிய காற்றுள்ள தனி அறை. வாய் முழுக்கப் புண், எச்சில் விழுங்கவும் முடியாது. ஒவ்வொரு காலையும் ஒரே கேள்வி: "கவுண்ட் என்ன?"

உளவியலாளர் அக்காவைச் சந்தித்தது இதற்கெல்லாம் முன்பு, அட்மிட் ஆகுமுன்னரே. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "எனக்கு வருத்தம் இரத்தத்தில, மனசில ஒண்டும் இல்லை" என்று நேரேயே சொன்னா. அந்தப் பெண் கோபிக்கவும் இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. "சரி. அந்த அறைக்குள்ளே எந்த நேரம் உங்களுக்கு மிகக் கஷ்டமா இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்னேரம் என்றா. பிள்ளைகள் பள்ளிக்கூடம், டியூஷன் முடிந்து வீட்டுக்கு வரும் நேரம். அங்கிருந்துதான் வேலை தொடங்கியது.

உளச்சிகிச்சை என்றால் படுத்துக்கொண்டு சின்ன வயதுக் கதை சொல்வது என்று நினைத்திருந்தேன். இங்கே நடந்தது பெரும்பாலும் மிகச் சாதாரண வேலைகள். பின்னேரத்துக்கு ஒரு ஒழுங்கு போட்டார்கள்: முதலில் அறைக்குள்ளேயே கொஞ்ச நடை, பிறகு முகம் கழுவல், பிறகு பிள்ளைகளோடு வீடியோ கோல். கோலில் என்ன பேசுவது என்பதுகூட யோசித்து வைத்தது. "அம்மா எப்ப வருவீங்க" என்ற கேள்விக்குத் தேதி சொல்லக்கூடாது, "டொக்டர் சொன்னதும் முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவன்" என்று சொல்லலாம். மொட்டைத் தலையைப் பிள்ளைகளுக்கு மறைப்பதா காட்டுவதா என்று எங்கள் குடும்பத்தில் பெரிய விவாதமே நடந்தது. முதலில் சொல்லிவிட்டுப் பிறகு காட்டுங்கள் என்றார் உளவியலாளர். சின்னவன் பார்த்துவிட்டு, "நேர்த்தியா?" என்று கேட்டான். விஷயம் அதோடு முடிந்தது.

மூச்சுப் பயிற்சியும் இருந்தது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுவது, அவ்வளவுதான். வாய்ப்புண் வலியை அது மாற்றாது, அதற்கு மோர்ஃபின் இருந்தது. மாத்திரையை விழுங்குமுன் வரும் பயத்தை அது கொஞ்சம் குறைத்தது. அக்கா பிறகு சொன்னா: "அவ கும்பிடு, தைரியமா இரு எண்டெல்லாம் சொல்லேல்லை. பயமா இருக்கு எண்டு சொல்ல ஒரு ஆள் இருந்தது."

இந்த 'தைரியமா இரு' பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. திருகோணமலையில் எங்கள் வயதுக்காரர்கள் 83 கலவரத்தைப் பார்த்தோம், 90 யுத்தத்தைப் பார்த்தோம், சுனாமியைப் பார்த்தோம். அதனால் எதையும் தாங்குவோம் என்று ஒரு பெருமை எங்களிடம் உண்டு. அந்தப் பெருமைக்கு ஒரு விலை இருக்கிறது. தாங்க முடியவில்லை என்று சொல்ல வருகிறவரின் வாயை அது அடைத்துவிடும். தனி அறையில் இருக்கிற அக்காவுக்கு ஊரிலிருந்து வந்த கோல்களில் பாதிக்கு மேல் அவவே மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் போனது.

அங்கே இருந்த நாட்களில் தூக்கம் வராமல் நிறைய வாசித்தேன். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் செய்த ஒரு ஆய்வு 2016-இல் வெளிவந்திருக்கிறது. மாற்றுச் சிகிச்சைக்கு வந்த 160 பேரில் ஒரு பாதியினரை, வழக்கமான சிகிச்சையோடு, பாலியேட்டிவ் கெயர் குழுவும் கிழமைக்குக் குறைந்தது இரண்டு தடவை போய்ப் பார்த்தது. பாலியேட்டிவ் என்றதும் எங்களுக்குச் சாவுதான் நினைவு வரும். இங்கே அந்தக் குழுவின் வேலை வலி, குமட்டல், தூக்கம், பயம் இவற்றைக் கவனிப்பது. இரண்டாவது கிழமையில், அதாவது உடம்பு மிகக் கீழே போகிற நேரத்தில், அந்தக் குழு பார்த்தவர்களிடம் பதகளிப்பும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன. கூட நின்றவர்களிடமும் மனச்சோர்வு அவ்வளவு ஏறவில்லை. மாதங்கள் கழித்துப் பார்த்தபோது மனவடு அறிகுறிகளும் குறைவு. இதை வாசித்தபோது எனக்குப் பட்டது, பயத்தையும் வாந்தியையும் ஒரே பட்டியலில் வைத்துக் கவனிக்கிறார்களே என்பதுதான். எங்கள் வாட்டுகளில் வாந்திக்கு ஊசி உண்டு, பயத்துக்கு அறிவுரை உண்டு.

இதற்கு மறுபக்கமும் ஒன்று வாசித்தேன். அமெரிக்காவில் 700-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு, உடற்பயிற்சியையும் மன அழுத்தத்தைக் கையாளும் பயிற்சியையும் தாங்களாகவே செய்யும்படி கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய பலன் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. கையேட்டைக் கொடுத்து "வாசிச்சுப் பாருங்கோ" என்பதும், ஒரு ஆள் கிழமை தவறாமல் வந்து "போன கிழமை சொன்ன அந்தப் பின்னேரம் எப்படிப் போனது?" என்று கேட்பதும் ஒன்றா?

சரி, என் கதைக்கு வருகிறேன். கொடையாளிக்கும் மனசு உண்டு என்பதை யாரும் யோசிப்பதில்லை, நானும் யோசித்திருக்கவில்லை. நாலைந்து நாள் ஊசி போடுவார்கள், மச்சையிலிருந்து ஸ்டெம் செல் இரத்தத்துக்கு இறங்கி வருவதற்கு. இடுப்பெலும்பும் முதுகும் உள்ளுக்குள் இருந்து வலிக்கும். பிறகு ஒரு கையால் இரத்தம் எடுத்து, இயந்திரம் செல்லைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மற்றக் கையால் திருப்பிவிடும். சில மணித்தியாலம் அசையாமல் கிடக்கவேண்டும். இவ்வளவுதான் உடம்புக்கு. ஆனால் அன்றிலிருந்து ஊரில் நான் தெய்வமாகிவிட்டேன். "உன்ட இரத்தம்தான் அவளைக் காப்பாத்தினது" என்று மாமி கையைப் பிடித்து அழுதா. அக்காவின் இரத்த வகைகூட மெல்ல மெல்ல என்னுடையதாக மாறியது. பி பொசிட்டிவ் ஆக இருந்தவ ஓ பொசிட்டிவ் ஆகிவிட்டா.

பிறகு அக்காவின் உள்ளங்கையிலும் காதோரத்திலும் சிவந்து தடித்தது. ஜி.வி.எச்.டி. என்பார்கள். கொடையாளியின் செல் புது உடம்பை அந்நியம் என்று நினைத்துத் தாக்குவது. என் செல்தான் என் அக்காவின் தோலைத் தின்கிறது என்று எனக்குப் பட்டது. புகழ்ந்தபோது முழுப் பெருமையும் எனக்கு வந்ததென்றால், இதுவும் எனக்குத்தானே வரவேண்டும்? அறைக்குள் போகவே கூசியது. அத்தானிடம் சொல்ல முடியாது, அம்மாவிடம் வாயே திறக்க முடியாது.

உளவியலாளர் ஒரு தாளில் வட்டம் ஒன்று வரைந்தார். இந்தத் தடிப்புக்குக் காரணமாக இருக்கக்கூடியதை எல்லாம் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் வட்டத்தில் எவ்வளவு பங்கு என்று கீறுங்கள், உங்களுடைய பங்கைக் கடைசியில் கீறலாம் என்றார். பரம்பரை அலகுகளின் சின்னச் சின்ன வித்தியாசங்கள், மருந்தின் அளவு, முன்னர் எடுத்த கீமோ, எந்த வைத்தியராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத சந்தர்ப்பம் என்று வட்டம் நிறைந்துகொண்டே போனது. எனக்கென்று மிஞ்சியது கோடளவு. அதையும் எதற்காகக் கீறினேன் என்று கேட்டார். பதில் இல்லை. இலேசான ஜி.வி.எச்.டி. இருப்பவர்களிடம் புது செல் மிஞ்சிய புற்றுக் கலங்களையும் தாக்குவதுண்டு, அதனால் நோய் திரும்பும் வாய்ப்புக் குறையலாம் என்று வைத்தியரும் சொன்னார். அது அறிவுக்கு ஆறுதல். வட்டம் செய்த வேலை வேறு. நான் புகழையும் பழியையும் சேர்த்தே கீழே வைத்தேன்.

தடிப்புக்கு ஸ்டிரொய்ட் தொடங்கினார்கள். அந்த மருந்து மனசையும் ஒரு ஆட்டு ஆட்டும் என்பதை நோயாளியின் வீட்டார் எல்லாருக்கும் முதல் நாளே சொல்லவேண்டும். தூக்கம் போகும், கோபம் வரும், காரணமில்லாமல் அழுகை வரும். அக்கா ஒரு பிளேன்டீக்காக அத்தானோடு சண்டை பிடித்தா. "இது மருந்து பேசுது" என்று தெரிந்திருந்ததால் அத்தான் தாங்கினார். தெரியாமல் இருந்திருந்தால்? ஆனால் எல்லாவற்றையும் மருந்தின் தலையில் போடவும் கூடாது. சில சண்டைகள் உண்மையானவை.

ஊருக்கு வந்த பிறகுதான் நிஜமான கஷ்டம். வைத்தியசாலையில் எந்த நேரமும் ஒரு மிசி இருப்பா, காய்ச்சலா என்று அவ பார்ப்பா. வீட்டில் தேர்மொமீட்டரும் நாங்களும்தான். 38 பாகை வந்தால் உடனே வைத்தியரைக் கூப்பிடவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். திருகோணமலை வெயிலில் யாருக்குத்தான் உடம்பு சுடாது? அக்கா மணிக்கு மணி அளக்கத் தொடங்கினா. தோலில் வெயில் பட்டால் ஜி.வி.எச்.டி. கிளம்பும் என்பதால் டச்சுக் குடா பக்கம் போவதானால் பொழுதுபட்டு, கையை மூடிய சட்டையோடு. சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வந்தபோது எல்லாரும் வாசலில் கும்பம் வைத்து நிற்க, அக்கா ஜன்னலுக்குப் பின்னால் நின்று கும்பிட்டா. சனக்கூட்டம் ஆகாது. பிள்ளைக் காலத்தில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் பெரும்பாலும் போய்விடுவதால் அவற்றைத் திரும்பப் போடவேண்டும். அட்டையோடு போனபோது குழந்தைகளைத் தூக்கிவந்த தாய்மார் பார்த்த பார்வையை அக்கா நடித்துக்காட்டினா, எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. சிரிப்பும் இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் கதை பொய்யாகிவிடும்.

இன்னொன்று இருக்கிறது. அக்காவிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். அந்தக் கடும் கீமோ பெண்களின் சூலகத்தையும் பெரும்பாலும் நிறுத்திவிடும். நாற்பது வயதுக்கு முன்னரே மாதவிடாய் நின்று, உடம்பு காய்ந்து, கணவன் மனைவிக்குள் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதை மொத்தக் காலத்திலும் கேட்ட ஒரே ஆள் அந்த உளவியலாளர்தான். இரண்டு பேரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பேசவைத்தார். தீர்வில் பாதி மகப்பேற்று வைத்தியரிடம் இருந்தது, மருந்தாக. கேட்காமல் இருந்திருந்தால் அதுகூடக் கிடைத்திருக்காது.

இனி அத்தான். இந்தப் பதிவை நான் எழுதுவதற்கு உண்மையில் அவர்தான் காரணம்.

அங்கே அவர் கழுத்தில் 'அட்டெண்டர்' என்று பாஸ் தொங்கியது. நோயாளிக்குக் கோப்பு இருக்கிறது, கொடையாளிக்கும் இருக்கிறது, அட்டெண்டருக்குப் பாஸ் மட்டும்தான். சமைத்தார், கொதிநீர் போட்டார், மாத்திரைகளை நேரத்துக்குப் பிரித்தார், காசைப் பார்த்தார், சம்பளமில்லாத லீவு எடுத்தார், ஊரில் பிள்ளைகளின் பரீட்சையை விசாரித்தார். ஒரு நாளும் கலங்கவில்லை. எல்லாரும் "மனுசன் பாறை" என்றார்கள். அக்காவின் கவுண்ட் சரியாகி, மருந்து குறைந்து, அவ தானே சமைக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் விழுந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நெஞ்சடைத்து, வேர்த்து, கை நடுங்கி, சாகப்போகிறேன் என்று நினைத்து ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போனார். ஈ.சி.ஜி. நல்லாக இருந்தது. பிறகும் இரண்டொரு தடவை அப்படியே. ஒரு வைத்தியர் காஸ்ட்ரிக் என்று மருந்து கொடுத்தார். எங்கள் ஊரில் பாதி மனவருத்தத்துக்குப் பெயர் காஸ்ட்ரிக்தான்.

ஆபத்து கடந்த பிறகு ஏன்? ஆபத்து இருக்கும்வரை உடம்புக்கு விழ நேரமில்லை என்று உளவியலாளர் சொன்னார். நான் அவருக்குத்தான் செய்தி அனுப்பினேன். அத்தானோடு போனிலேயே தொடரலாம் என்றார். போனில் என்ன சிகிச்சை என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் மாற்றுச் சிகிச்சை முடிந்து மனவடுவோடு இருந்தவர்களுக்குத் தொலைபேசியில் பத்து அமர்வுகள் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) கொடுத்து, அறிகுறிகள் குறைந்ததாக 2010-இலேயே ஒரு ஆய்வு வந்திருக்கிறது. வட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே முடிந்ததென்றால் இப்போது ஏன் முடியாது? சென்னைக்கோ கொழும்புக்கோ போய்வர எங்களைப் போன்ற தூர ஊர்க்காரருக்குக் காசும் இல்லை, லீவும் இல்லை.

வீடு சின்னது, சுவருக்குக் காது உண்டு. அத்தான் தம்பியின் வானுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்து பேசுவார். என்ன பேசினார் என்பதில் அவர் எனக்குச் சொன்ன ஒன்றை மட்டும், அவர் அனுமதியோடு எழுதுகிறேன். அக்காவின் அறையில் மருந்து பம்ப் இடைக்கிடை பீப் அடிக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் இரவில் அதைக் கேட்டு அவர் எழும்புவார். அதை விவரிக்கும்போதுதான் 90-இல் சின்னப் பெடியனாக, இரவில் ரோட்டில் வாகனம் வருகிறதா என்று தகப்பனோடு விழித்திருந்த கதை வெளியே வந்ததாம். அந்தக் கதையைக் கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அக்காவுக்கே சொன்னதில்லை. பிறகு கொடுத்த வேலை: நெஞ்சு படபடக்கும்போது ஓடாமல் அங்கேயே நின்று அது ஏறி இறங்குவதைப் பார்ப்பது, பஸ் ஸ்டாண்டைத் தவிர்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் நிற்பது, இரவு மாத்திரைப் பெட்டியின் பொறுப்பை அக்காவிடம் திருப்பிக் கொடுப்பது. கடைசியானதுதான் அவருக்கு மிகக் கஷ்டம். அக்காவுக்கோ அது விடுதலை. "என்னை நோயாளியாகவே வச்சிருக்காதீங்கோ" என்று எத்தனை நாள் சொல்லப் பார்த்தாவாம்.

ஊரிலும் உதவி இல்லாமல் இல்லை. சுனாமிக்குப் பிறகு உளவளத்துணை என்பது இங்கே கேள்விப்படாத விசயம் அல்ல. பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் நான் போனேன். இந்த வருத்தத்தைப் பற்றி அவருக்கு முன்பு தெரியாது, ஆனால் இழப்பையும் காத்திருப்பையும் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட நூறு மடங்கு தெரியும். நோயை நான் சொன்னேன், மிச்சத்தை அவர் பார்த்துக்கொண்டார். இரவில் ஆள் தேவைப்பட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. மருந்து தேவைப்படுகிறவர்கள் மனநலக் கிளினிக்குக்குப் போகவேண்டும், போகும்போது மாற்றுச் சிகிச்சை மருந்துகளின் பட்டியலைக் கொண்டுபோகவேண்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் போன்றவை பல மருந்துகளோடு ஒத்துப்போகாது. ஃபார்மசியில் தெரிந்தவரிடம் நித்திரைக் குளிசை வாங்கிப் போடுகிற பழக்கத்தை இந்த நோயாளிகளிடம் தயவுசெய்து காட்டவேண்டாம்.

மாற்றுச் சிகிச்சைக்குப் புறப்படுகிற குடும்பங்கள் இப்போது என்னிடம் போன் எடுத்துக் கேட்பது எவ்வளவு முடியும், எங்கே தங்கலாம், விசாவுக்கு என்ன பேப்பர் என்பவைதான். எல்லாம் சொல்லிவிட்டு, டிஸ்சார்ஜ் ஆகுமுன் உளவியலாளரின் இலக்கத்தை வாங்குங்கோ, வீட்டுக்கு வந்த பிறகும் பேசமுடியுமா என்று கேளுங்கோ, கூட நிற்கிறவரின் பெயரிலும் ஒரு பதிவு போடச் சொல்லுங்கோ என்பேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருக்கும். பிறகு, "அதெல்லாம் எங்களுக்குத் தேவைப்படாது தங்கச்சி" என்பார்கள். சரி அண்ணை, இலக்கத்தை மட்டும் வாங்கி வையுங்கோ என்பேன்.

அத்தான் இன்னும் மாதத்துக்கு ஒருமுறை வானுக்குள் ஏறுகிறார். மாமி அதை வேலைக் கோல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறா, பேசி முடிந்ததும் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்து, "கந்தோரில என்னவாம்?" என்று கேட்பா.